ஆழ்துளைக் கிணற்று நீரால் சூரியத் தகடுகளைக் கழுவலாமா?

கேள்வி (தூத்துக்குடி):
எங்கள் மொட்டைமாடியில் மொத்தம் 3 கிலோவாட் திறனுள்ள 8 சூரியத் தகடுகள் உள்ளன. உப்புக் காற்றும் புழுதியும் படிவதால் வாரந்தோறும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிக் கழுவி வந்தேன். இப்போது கண்ணாடியில் வெண்திட்டுகள் படிந்து, தேய்த்தாலும் போகவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அவை கடின நீர் காய்ந்து விட்டுச்சென்ற கால்சியம் உப்புகள். நீர் கலந்த வினிகரில் நனைத்த மென்துணியால் மெதுவாகத் துடைத்து, உடனே மழைநீரால் அலசிவிடுங்கள். சலவைத்தூளும் கம்பிநாரும் கண்ணாடியின் மேற்பூச்சைக் கெடுக்கும். சாய்வு குறைவான தகடுகளில் அழுக்கு கீழ் விளிம்பில்தான் தேங்கும்; முதலில் அங்கே பாருங்கள்.

மறுமொழி 2:
உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விழக்கூடும் என்பதால் விடியற்காலையே உகந்தது. இன்வெர்ட்டரை (தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) அணைத்தால் மின்சாரமே இராது என்று பலர் நம்புகிறார்கள் (நானும் நம்பியிருந்தேன்). ஆனால் வெளிச்சம் உள்ளவரை, தொடராக இணைத்த 8 தகடுகளின் கம்பிகளில் ஏறத்தாழ 300 வோல்ட் அல்லது அதற்கு மேலும் இருக்கும். உறை கிழிந்த கம்பியைக் கண்டால் நீர் ஊற்றாமல், நிறுவியவரை அழையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நடுத் தகடுகள் எட்டவில்லை. மேலே ஏறித் துடைக்கலாமா?

மறுமொழி 2:
கூடாது. உங்கள் எடையால், கண்ணாடிக்கு அடியில் ஒளியை மின்சாரமாக்கும் மெல்லிய மின்கலங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். நீண்ட கைப்பிடியுள்ள மென்தூரிகையை வாங்கிக்கொள்ளுங்கள்.