மீகாங் ஆறு பார்க்க அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன், எந்தப் பக்கம் இறங்கலாம்?

பரிசல்காரர் மகன், பென்னாகரம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா ஒகேனக்கல்லில் முப்பது வருஷத்துக்கு மேல பரிசல் ஓட்டினவர். இப்போ 66 வயசு, துடுப்பை விட்டு நாலு வருஷம் ஆச்சு. போன மாசம் என் போனில் மீகாங் ஆத்து வீடியோ ஒண்ணைப் பார்த்தார். "இத்தனை தண்ணி எங்கிருந்துடா வருது? அக்கரையே தெரியலயே"ன்னு ரெண்டு மூணு தடவை திருப்பிப் போடச் சொன்னார். அன்னைக்கே நேர்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

பெங்களூர்ல இருந்து போய்த் திரும்ப மொத்தம் பத்து நாள்தான் லீவு கிடைக்கும். ஒரு ஏஜென்சில கேட்டேன், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நாலையும் பத்து நாளில் காட்டிடுறோம்னு சொல்றாங்க. அப்பாவுக்கு கடற்கரை, கடைத்தெரு எதுவும் வேண்டாம். ஆறு, அருவி, படகு, கோயில் இருந்தா போதும். முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. போய் வந்தவங்க சொல்லுங்க.

அரூர் டீச்சர்:

தம்பி, அந்த நாலு நாட்டுத் திட்டத்தை விட்டுடுங்க. நானும் முதல்ல அப்படித்தான் போனேன். பாதி நாள் பஸ்ஸிலயும் எல்லைச் சாவடியிலயும் போச்சு. ஒரு இடத்தில் மாத்து வண்டி வராம மூணு மணி நேரம் வெயிலில் உட்கார வெச்சாங்க. அந்தப் பயணத்தில் மனசுல நின்னது தெற்கு லாவோஸில் இருந்த ரெண்டு நாள் மட்டும்தான். அடுத்த வருஷம் என் மகனோட அங்க மட்டும் போய் எட்டு நாள் தங்கிட்டு வந்தேன்.

பெங்களூர்ல இருந்து பாங்காக். அங்கிருந்து உபோன் ராட்சதானிக்கு விமானமும் இருக்கு, ராத்திரி ரயிலும் இருக்கு. அப்புறம் சோங் மெக் எல்லை தாண்டினா பாக்சே. சம்பாசாக் மாகாணத்தோட பெரிய ஊர் அது. அங்கேயே மீகாங்கைப் பார்த்துடலாம்.

முதல்ல வாட் பூ கோயிலுக்குப் போங்க. நான் தீர்த்தமலையில் ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து விழுறதைப் பார்த்து வளர்ந்தவ. வாட் பூ கருவறைக்குப் பின்னாடி, செங்குத்துப் பாறைக்கு அடியில், அதே மாதிரி ஒரு ஊத்து கசியுது. அங்கோர் வாட் கட்டின கெமர் அரசர்கள் காலத்தில் அந்தத் தண்ணியைக் கல் ஓடை வழியா உள்ளே கொண்டு வந்து லிங்கத்து மேல விழ வெச்சிருக்காங்க. இரவு பகல் நிக்காத அபிஷேகம்! மலை உச்சியில் இயற்கையாவே ஒரு பாறைத்தூண் லிங்கம் மாதிரி நிக்குது, அதனால மலைக்குப் பழைய பேரே லிங்கபர்வதம். கருவறையில் இப்போ இருக்கிறவர் புத்தர். ஆனா பின்பக்கப் பாறையில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மூணு பேரும் செதுக்கினபடியே இருக்காங்க. வாசல் மேல்கல் ஒண்ணுல கிருஷ்ணன் கம்சனை வதம் பண்றார். பக்கத்தில் கிடைச்ச 5-ஆம் நூற்றாண்டு சமஸ்கிருதக் கல்வெட்டு, தேவானிகன்னு ஒரு அரசன் அங்கே குருக்ஷேத்திரம்னு ஒரு தீர்த்தம் உண்டாக்கினதைச் சொல்லுது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தாங்க. எனக்கு அந்த ஊத்துத் தண்ணியைத் தலையில் தெளிச்சுக்கிட்டப்போ கண் கலங்கிடுச்சு தம்பி.

படிதான் கஷ்டம். செங்குத்து, ஒண்ணுக்கு ஒண்ணு உயரம் சமமா இருக்காது, பிடிச்சு ஏற கம்பியும் இல்லை. கீழே குளம் தாண்டுற வரைக்கும் பேட்டரி வண்டி உண்டு. காலையில் சீக்கிரமே ஏறிடுங்க, இறங்கும்போது அப்பா கையைப் பிடிச்சுக்கோங்க. படி ஓரமெல்லாம் நடுவில் மஞ்சள் வெச்ச வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கும். அங்கே அதுக்குப் பேர் சம்பா.

அடுத்தது சீ பான் டோன். அப்படின்னா நாலாயிரம் தீவுன்னு அர்த்தம். அப்பாவுக்குப் பிடிக்கப்போறது இதுதான். ஆறு அங்கே பல கிளையாப் பிரிஞ்சு பாறைக்கு நடுவுல ஓடும். ஒகேனக்கல் மாதிரியேதான், அளவு மட்டும் வேற. பாக்சே பக்கத்தில் மீகாங்கோட சராசரி ஓட்டம் விநாடிக்குச் சுமார் 10,000 கன மீட்டர், நம்ம கணக்கில் மூணரை லட்சம் கன அடி. ஒகேனக்கல்லில் ஒரு லட்சம் வந்தாலே ஐந்தருவி மூழ்கி, பரிசலுக்குத் தடை போட்டுடறாங்க. கோன் பாபெங் அருவி உயரம் பெருசா இல்லை. ஆனா கிட்டப் போய் நின்னா பக்கத்தில் இருக்கிறவங்க பேசுறது கேக்காது.

1866-ல் பிரெஞ்சுக்காரங்க இந்த ஆத்து வழியா சீனாவுக்குப் போக முடியுமான்னு பார்க்க ஒரு குழுவை அனுப்பினாங்க. இந்த அருவிதான் வழி மறிச்சது. 1890-களில் டோன் கோன் தீவில் ரயில் பாதை போட்டு, கப்பலைப் பிரிச்சு அதுல ஏத்தி, அருவிக்கு மேல கொண்டு போய் இறக்கினாங்க. பழைய எஞ்சின் இன்னும் அங்கே நிக்குது. டோன் டெட்டுக்கும் டோன் கோனுக்கும் நடுவுல இருக்கிற ரயில் பாலத்தில் இப்போ ஜனங்க நடந்து போறாங்க. மேடு கிடையாது, அப்பா தாராளமா நடக்கலாம்.

ஓசூர் சைக்கிள்காரன்:

டீச்சர் சொன்னது சரி, ஆனா கம்போடியாவை முழுசா விடாதீங்க அண்ணா. தீவிலிருந்து எல்லை ரொம்பப் பக்கம். கிராட்டி ஊருக்கு வடக்கே கம்பிங்கிற இடத்திலிருந்து படகுல போனா ஆத்து டால்பின் பார்க்கலாம். லாவோஸ் பக்கம் கடைசியா இருந்தது 2022-ல் செத்துப்போச்சு. கம்போடியாவிலும் சுமார் நூறுதான் மிச்சம். படகுக்காரர்கிட்ட எஞ்சினை நிறுத்தி துடுப்பு போடச் சொல்லுங்க. அது மூச்சு விடுற சத்தம் முதல்ல கேக்கும், அப்புறம்தான் முதுகு தெரியும்.

உங்க அப்பா கேட்டதுக்கு வரேன். ஆறு திபெத் பீடபூமியில் பிறந்து ஆறு நாடு தாண்டி, 4,300 கிலோமீட்டருக்கு மேல ஓடி வருது. மழைக்காலத்தில் தண்ணி எவ்வளவு ஏறும்னா, கம்போடியா தலைநகர் புனோம் பென் பக்கம் மீகாங்கில் வந்து சேருற டோன்லே சாப் ஆறு எதிர்த்திசையில் ஓட ஆரம்பிச்சிடும். அதால மேல இருக்கிற ஏரி கோடையில் இருக்கிறதைவிட நாலு மடங்குக்கு மேல விரியும். மழை ஓஞ்சதும் ஆறு பழைய திசைக்கே திரும்பிடும். அந்தச் சமயத்தில், பெரும்பாலும் நவம்பர் பௌர்ணமியில், தண்ணீர்த் திருவிழாவும் படகுப் போட்டியும் நடக்கும். நம்ம ஆடிப்பெருக்கு மாதிரி அவங்களுக்கு அது.

நவம்பர் கடைசியில இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க. மார்ச், ஏப்ரலில் வெயில் கொளுத்தும், காடு எரிக்கிற புகையும் இருக்கும்.

காவேரிப்பட்டணம் மாம்பழம்:

சாப்பாடு பத்தி யாரும் சொல்லல. லாவோஸில் ஒட்டரிசிச் சோறு, சின்ன மூங்கில் கூடையில் வரும். கையால உருட்டித் தொட்டுச் சாப்பிடணும். களி சாப்பிட்ட கைக்கு அது சுலபமா வரும். மீன் சாப்பிடறவங்களுக்குக் கவலையே இல்லை. இன்னொண்ணு, வியட்நாம் போர்க்காலத்துக் குண்டு வெடிக்காம மண்ணுக்குள்ள இன்னும் கிடக்கு. நடமாட்டம் உள்ள பாதையை விட்டுக் காட்டுக்குள்ள இறங்காதீங்க.

பரிசல்காரர் மகன், பென்னாகரம்:

டீச்சர், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாக்சே, வாட் பூ, தீவு, கிராட்டின்னு முடிவு பண்ணிட்டேன். டிசம்பர்ல கிளம்புறோம். அப்பாவுக்கு இனிமேதான் பாஸ்போர்ட் எடுக்கணும்.

நேத்து ராத்திரி எல்லாத்தையும் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். வாட் பூ படியைப் பத்திச் சொன்னதுக்கு, "ஏறிடுவேன்"ன்னு மட்டும் சொன்னார். ஆறு திசை மாறுறதைப் படிச்சதும் எழுந்து உட்கார்ந்துட்டார். "அப்போ திரும்புற அன்னைக்கு நடு ஆத்துல தண்ணி நிக்குமாடா? அந்த நேரம் படகுக்காரன் துடுப்பை எந்தப் பக்கம் போடுவான்?"ன்னு கேட்டார். ஓசூர் தம்பி, நீங்க அங்கே யாரையாவது படகுக்காரரைக் கேட்டீங்களா?