புதுப்பிப்பு: மரங்கள் அடர்ந்த குறுகிய டிஸ்க் கோல்ஃப் களத்தில் எது கைகொடுத்தது

டிஸ்க் கோல்ஃப், தட்டை (டிஸ்க்) எறிந்து கூடையில் சேர்க்கும் விளையாட்டு. மரங்கள் நெருங்கிய குறுகிய களத்தில் என் டிரைவர் டிஸ்க்குகள் (தொலைதூர வீச்சுக்கானவை) முதல் மரத்தைக்கூடத் தாண்டுவதில்லை, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலித்தது, தொடக்க வீச்சையே புட்டரால் (கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கான டிஸ்க்) எறியச் சொன்னவரின் யோசனை. வேக எண் (சரியாகப் பறக்க டிஸ்க்குக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதைக் காட்டுவது) 2 அல்லது 3 உள்ள டிஸ்க் நிதானமான வீச்சிலும் நேராகப் போகிறது. எண் 12 டிரைவருக்குப் போதிய வேகம் தராவிட்டால், வலக்கைப் பின்கை வீச்சில் (வலக்கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து எறிவது) அது சீக்கிரமே இடப்பக்கம் சரிந்துவிடும். ஓடிவராமல் நின்ற இடத்திலிருந்தே வீசுவதும் உதவியது. குறி பிசகுவது வெகுவாகக் குறைந்தது. "மரத்தைப் பார்க்காதே, இடைவெளியைப் பார்" என்ற அறிவுரை கேட்க இனிமை, அவ்வளவுதான்.

எதிர்பாராத ஒன்று: மரங்களில் அடிபட்டு விளிம்பு நைந்த புட்டர், பறக்கும்போது வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. மென்மையான, விலை குறைந்த பிளாஸ்டிக்கில் இது விரைவில் நிகழ்கிறது. அதைக் கழித்துவிடவில்லை; வலப்பக்கம் வளையும் பாதைகளுக்கு இப்போது அதுதான் என் முதல் தேர்வு. நேர்ப் பாதைகளுக்கு அதே வார்ப்பில் உறுதியான பிளாஸ்டிக்கில் இன்னொன்று வாங்கிவிட்டேன்.