உலர்த்தலுக்குப் பின் வருவது: பாடமா, பதனமா? (வியாழனுக்குள் சொல் வேண்டும்)

பாளையங்கோட்டை, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கனடாவில் உரிமம் பெற்ற கஞ்சாப் பண்ணை ஒன்றின் தமிழ்த் தொழிலாளர்களுக்கான கையேடு என் கையில் இருக்கிறது. அங்கே 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டம் ஏற்ற பயிர். வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'க்யூரிங்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

காம்பை வளைத்தால் சடக்கென்று முறிகிற அளவுக்கு உலர்ந்த பிறகுதான் இந்த வேலையே தொடங்குகிறது. கஞ்சாப் பூவைக் காற்றுப் புகாத கலனில் முக்கால் பங்கு நிரப்பி, உள்ளே ஈரப்பதம் 58 முதல் 62 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி சில வாரங்கள் வைக்கிறார்கள். 65-ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இதை 'உலர்த்தல்' என்றால் பிழை. 'பதப்படுத்தல்' மீனுக்கும் பழச்சாற்றுக்கும் போய்விட்டது. கண்ணாடிச் சாடி, எஃகு டிரம், உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றை அடக்கும் பொதுச்சொல்லும் வேண்டும். முதல் வாரம் நாள்தோறும் மூடியைத் திறந்து காற்று மாற்றுகிறார்களே, 'பர்ப்பிங்', அதற்கும் ஒன்று.

கோவில்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, கலனுக்கு எதற்கு அலைகிறீர்கள்? குலுக்கை இருக்கிறது. மண்ணால் ஆள் உயரத்துக்கு எழுப்பி, மேலே மூடி, அடியில் ஒரு துளை. துளையைத் துணி அடைத்து வைத்திருப்பார்கள். உருவினால் தானியம் தானே கொட்டும். பெரிய அறுவடையைச் சேமிக்க நம் கரிசல்காடு கண்ட ஏற்பாடு அது. அந்தச் சொல்லை அழியவிடாதீர்கள்.

அம்பாசமுத்திரம்:

குலுக்கை அருமையான சொல்தான், ஆனால் அது தானியத்துக்கு. 'தாழி'யை எடுங்கள். புறநானூற்றில் ஒருத்தி குயவனிடம் தாழியை அகலமாக வனையச் சொல்கிறாளே, அந்த அகலம் இந்தப் பொருளுக்குப் பொருந்தும். 'க்யூரிங்'குக்குப் 'பதனம்'. தோலைப் பதனிடுகிறோம், பதநீர் இறக்குகிறோம். பக்குவம் என்ற பொருள் அந்த வேரிலேயே இருக்கிறது.

கோவில்பட்டி:

அவள் தாழி கேட்டது இறந்தவனோடு தன்னையும் சேர்த்து அடக்கம் செய்ய. முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக்காரர் யாரும் சரக்கறையில் தாழி என்று எழுத மாட்டார்கள்.

தென்காசி, சித்த மருத்துவர்:

எங்கள் முறையில் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. மருந்தைப் பாண்டத்தில் இட்டு, வாய்க்குச் சீலைமண் (மண் தோய்த்த துணி) சுற்றி, நெல்லுக்குள் புதைத்து வைப்போம். தானியப்புடம் என்று பெயர். தீயே கிடையாது, மூடிய கலத்துக்குள் காலம் வேலை செய்கிறது. 'புடம்' என்பதை ஆலோசிக்கலாம்.

பாளையங்கோட்டை:

நன்றி ஐயா, புதிதாகத் தெரிந்துகொண்டேன். ஆனால் தொழிலாளி 'புடம்' என்று படித்தால் அடுப்பைத் தேடுவார். தானியப்புடத்தை இடையில் திறப்பதும் இல்லை. இங்கே திறக்காவிட்டால் ஈரம் தேங்கி அம்மோனியா வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் பூவை வெளியே பரப்பி மறுபடி உலர்த்தச் சொல்கிறது கையேடு.

டொராண்டோ (ஊர் யாழ்ப்பாணம்):

அம்மா, எங்கள் ஊரில் புகையிலையைப் பாடம் போடுவார்கள். 'பாடம்' என்று எழுதினால் இங்கே விளக்கம் சொல்லத் தேவையே இல்லை. 'பதனம்' என்றால் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள்.

அம்பாசமுத்திரம்:

பாடம் வடசொல். பள்ளிக்கூடத்துப் பாடத்தைப் பூவுக்குப் போடுவதா?

கோவில்பட்டி:

அண்ணாச்சி கோபப்பட வேண்டாம். ஓதுகிற பாடம் வேறு, போடுகிற பாடம் வேறு. படு, பாடு என்று போகும் வேரிலிருந்து இது வந்தது என்பது என் கட்சி. படுதல், படிதல், படிய வைத்தல், பாடம்: அடுக்கி அமுக்கிப் படிய வைப்பதுதானே புகையிலையில் நடக்கிறது? நீங்களே 'பதம்' விஷயத்தில் சொல்லைக் குறிக்கும் பதம் வடமொழி, பக்குவத்தைக் குறிக்கும் பதம் தமிழ் என்று பிரித்து எழுதியவர். பதத்துக்கு இரண்டு பிறப்பை ஏற்றுக்கொண்டு பாடத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

அம்பாசமுத்திரம்:

பக்குவப் பதத்துக்குச் சங்கப் பாடல்களில் ஆட்சி உண்டு. உங்கள் பாடத்துக்கு அப்படி ஒன்று காட்டுங்கள், ஒப்புகிறேன்.

தூத்துக்குடி, மூலிகை வணிகம்:

இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். திருநெல்வேலிச் சீமை நிலாவாரையை நிழலில், கிளறிக்கொடுத்து உலர்த்தினால்தான் பச்சை நிறம் நிற்கும். உலர்ந்ததும் மூட்டை, அதோடு வேலை முடிந்தது. கஞ்சாவுக்கு அதற்கு மேல் ஒரு கட்டம் இருப்பதால்தான் தனிச்சொல் வேண்டியிருக்கிறது. சொல்லை விடக் கலனின் பண்பைத் தெளிவாக எழுதுங்கள் அம்மா. கண்ணாடி வாசம் பிடிக்காது, ஆனால் வெளிச்சத்தை விடும். வெளிச்சம் பட்டால் வீரியம் குறையும். மட்டமான பிளாஸ்டிக் தானும் மணக்கும், பூவின் பிசுக்கையும் ஒட்டவைத்துக்கொள்ளும். கூடை கூடையாக வரும் அறுவடைக்கு எஃகு டிரம்தான் தோது. ஒன்று கெட்டால் அத்தனையும் கெடும் என்பதால் மிகப் பெரிதும் ஆகாது.

பாளையங்கோட்டை:

இன்று மாலை அனுப்புகிறேன். 'க்யூரிங்'குக்குப் 'பாடம் போடுதல்', கலனுக்குப் 'பாடக் கலன்', 'பர்ப்பிங்'குக்குக் 'காற்றாட்டல்'. பயன்படுத்தப் போகிறவர்கள் வாயில் முன்பே இருக்கும் சொல் என்பதால் பாடத்தை எடுத்துக்கொண்டேன். குலுக்கையைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் எஃகு டிரம்முக்கு அது ஒட்டவில்லை.

அம்பாசமுத்திரம்:

பாடத்தில் என் மறுப்பு நிற்கிறது, பதிவாகட்டும். 'காற்றாட்டல்' அதைவிட மோசம். ஆடுதல் தன்வினை, ஆட்டல் பிறவினை. காற்றாடுவது பூ, அதை ஆட்டுவது யார், தொழிலாளியா காற்றா? அந்த ஐயத்தில் ஒருவன் டிரம்மைப் பிடித்துக் குலுக்கினால் பூ உதிர்ந்து தூளாகும். 'காற்றாட விடுதல்' என்று இரண்டு சொல்லாகவே எழுதுங்கள்.

கோவில்பட்டி:

இதில் மட்டும் அண்ணாச்சியோடு ஒத்துப்போகிறேன். அனுப்புமுன் மாற்றிவிடுங்கள் அம்மா.