கிளைக் கணக்குக்கு எக்செல் போதாதா, பவர் பிஐ வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
மாதாமாதம் ஐந்து கிளைகளிலிருந்து சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வரும். திறந்து, ஒரே ஷீட்டில் ஒட்டி, பிவட் (தொகுப்பு அட்டவணை) போட்டு, சார்ட்டோடு அனுப்பிவிடுவேன். புது மேலாளர் இப்போது மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருளான பவர் பிஐக்கு மாறச் சொல்கிறார். கலர் கலராய்ப் படம் காட்ட இன்னொரு மென்பொருளா? ஒரே கட்டத்துக்குள் அடங்கும் குட்டிச் சார்ட்டான ஸ்பார்க்லைன்கூட எக்செல் 2010-லேயே வந்தாயிற்றே.

தரவுக்காரி:
படத்தை விடுங்கள் சார். "திறந்து, ஒட்டி" என்றீர்களே, வில்லங்கம் அங்கேதான். 2020-இல் இங்கிலாந்து பொதுச் சுகாதாரத் துறை ஆய்வகங்களின் சிஎஸ்வி கோப்புகளை எக்செல்லின் பழைய கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ்ஸில் ஏற்றியது. அதில் 65,536 வரிசைதான். ஓர் ஆளுக்கே பல வரிசை பிடித்ததால் ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் நோயாளிகள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். சார்ட் என்னவோ அழகாகத்தான் இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
பழைய டப்பாவில் அடைத்துவிட்டு எக்செல்லைத் திட்டுவானேன்? 2007 முதல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை உண்டு. எனக்கு மாதம் ஒன்பதாயிரம் வரிசை வந்தாலே அதிகம்.

தரவுக்காரி:
பத்து வரிசை இருந்தாலும் சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்தால் எக்செல் தானாக ஊகிக்க ஆரம்பித்துவிடும். குறியீட்டின் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் 15 இலக்கம்தான் அதற்கு நிற்கும். 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுக்களைத் தேதியாக்கி அது செய்த கூத்தில், 2020-இல் அந்த மரபணுக்களுக்கே பெயர் மாற்ற வேண்டியதாயிற்று!

பழைய_கை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பவர் பிஐக்குத் தரவை இழுத்து வரும் பவர் குவெரி எக்செல்லிலேயே இருக்கிறது. 2010, 2013 பதிப்புகளுக்குத் தனி ஆட்-இன், 2016 முதல் டேட்டா டேபிலேயே சேர்ந்துவிட்டது. ஐந்து கோப்பையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரை ஒருமுறை இணைத்தால் போதும். அடுத்த மாதம் ரிஃப்ரெஷ்தான். தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரிந்தால் அங்கே எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
அதையும் பார்த்தாயிற்று, அண்ணே. போன வருடம் ஒரு கிளையில் 'தொகை' என்ற தலைப்பை யாரோ 'மொத்தத் தொகை' என்று மாற்றிவிட்டார்கள். எரர் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். சத்தமில்லாமல் அந்தக் கிளையின் தொகை முழுக்கக் காலியாகிவிட்டது! கையால் ஒட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

தரவுக்காரி:
அது நியாயம்தான். பவர் பிஐயிலும் அப்படியேதான் நடக்கும், உள்ளே இருப்பது அதே பவர் குவெரி. முதல் கோப்பில் உள்ள தலைப்புகளைத்தான் அது மற்றவற்றிலும் தேடும். அதனால் கிளைவாரியாக வரிசை எண்ணிக்கை, மொத்தம், காலிக் கட்டங்கள் மூன்றையும் காட்டும் ஒரு சின்ன அட்டவணையை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் வைத்துவிடுவேன். சார்ட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பழைய_கை:
பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ரிப்போர்ட்டைப் பலரோடு பகிரத்தான் புரோ உரிமம் கேட்கும். தம்பி, உங்கள் ரிப்போர்ட்டை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
மேலாளர் ஒருவர்தான். அதுவும் பிரிண்ட் எடுத்து, கறுப்பு வெள்ளையில்.