‘காற்றுப் பாளம்’ சரியா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்

கோலாலம்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நம் மலையேற்றக் குழுவில் 20 பேர் நேபாளம் போகிறார்கள். அவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 2014 அக்டோபரில் வங்கக் கடலில் கிளம்பிய ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறி, அதன் மிச்சம் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப் பக்கம் பனியாகக் கொட்டியதில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இவர்கள் போவதும் அதே பாதைதான்.

மலையில் பனி மொத்தமாகச் சரிந்து இறங்குவதற்கு ‘பனிச்சரிவு’ என்ற சொல்லே இருக்கட்டும். நிலச்சரிவு என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை வைத்து இதையும் புரிந்துகொள்வார்கள். எனக்கு வேண்டியது அதில் ஒரு வகைக்குப் பெயர். புதுப்பனி விழுந்தபின் காற்று அதை முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து வாரி மறுபக்கம் கொட்டும். வழியில் துகள்கள் நொறுங்கி, கொட்டிய இடத்தில் நெருங்கிப் படிந்து, ஒரே அடுக்காக இறுகிவிடும். அதற்கு அடியில் சீனி மாதிரி உதிரியான பனி இருந்தால், ஒருவர் மிதித்தாலே தலைக்கு மேலே விரிசல் ஓடி, மொத்த அடுக்கும் அவரோடு சேர்ந்து இறங்கும். ‘காற்றுப் பாளம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

பட்டர்வொர்த்திலிருந்து:

தம்பி, பாளம் என்பது உலோகத்தை உருக்கி வார்ப்பது. காற்றை எப்படி வார்ப்பீர்கள்? தூறு, தூற்று என்று பாருங்கள். ஆறு ஆற்று, தேறு தேற்று போல. களத்தில் நெல்லைத் தூற்றும்போது காற்று பதரை ஒரு பக்கமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே, அதேதான் இது. ‘தூற்றுபனி’. வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி, ஒற்று மிகாது. பனி என்றால் நமக்குப் புல்நுனித் துளிதானே என்று யாரும் கிளம்ப வேண்டாம். ‘வடாஅது பனிபடு நெடுவரை’ என்று புறநானூற்று ஆறாம் பாட்டே இமயத்தைச் சொல்லிவிட்டது.

கிள்ளானிலிருந்து:

ஐயா, தூற்றுவது என்றால் என் மாணவர்களுக்குப் பழி தூற்றுவதுதான் தெரியும். நெல் தூற்றுவதை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? பாளம் உலோகத்துக்கு மட்டுமா? வறண்ட குளம் பாளம் பாளமாக வெடித்தது என்கிறோமே! உடைவதும் அந்தச் சொல்லில் வந்துவிடுகிறது. நடுவில் ‘பனி’ மட்டும் சேர்த்துவிடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து:

சரி அக்கா, ‘காற்றுப் பனிப்பாளம்’. ஆனால் நேற்று வேறொன்று மாட்டியது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கையேட்டில் ‘காற்று மறைவுப் பக்கத்தில் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் அபாயம் மிகுதி’ என்று எழுதியிருந்தேன். காற்று வந்து மோதாத, முகட்டின் மறுபக்கத்தைத்தான் அப்படிச் சொன்னேன். பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் அக்காள் மகன் பசியாறிக்கொண்டே படித்தான். இரண்டு பக்கம் தள்ளிப் போனபின் கேட்டான்: “மாமா, காற்று பலமா அடிச்சா அந்த மறைவுப் பக்கம்தானே போய் ஒதுங்கணும்?”

பாளம் வந்து உட்காருவதே அந்தப் பக்கத்தில்தான். அபாயம் என்று நான் எழுதியதைவிட ‘மறைவு’ என்ற சொல் அவன் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் மறைவில் ஒதுங்கியே பழகியவர்கள் நாம். குளிர்காற்றில் நடுங்கும் ஒருவருக்கு அந்தச் சொல் அழைப்பாகத்தான் கேட்கும். ‘பனி குவியும் பக்கம்’ என்று மாற்றிவிட்டேன்.

பட்டர்வொர்த்திலிருந்து:

பாளத்துக்குச் சம்மதிக்கிறேன், பெரும்பான்மை அப்படி இருப்பதால். மறைவை எடுக்கச் சம்மதமில்லை. பள்ளியில் புவியியலில் காற்று மறைவுப் பக்கம் என்றுதான் படிக்கிறார்கள். மழைக்கு ஒரு சொல், பனிக்கு ஒரு சொல் என்றால் கலைச்சொல் எதற்கு?

கோலாலம்பூரிலிருந்து:

ஐயா, பாடநூலில் இருக்கட்டும். முகட்டில் நிற்பவர் கையில் இருக்கப்போவது இந்தக் கையேடுதான். காலடியில் ‘பொத்’தென்று அடுக்கு அமுங்கும் ஓசை கேட்டாலோ, மிதித்த இடத்திலிருந்து கீறல் ஓடினாலோ உடனே திரும்பிவிட வேண்டும் என்ற வரியையும் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். அந்த ஓசைக்கு ‘பொத்’ சரிதானா, ‘தொம்’ வேண்டுமா? அதை மட்டும் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

கிள்ளானிலிருந்து:

‘தொம்’. பொத்தென்று விழுவது பலாப்பழம்.

பட்டர்வொர்த்திலிருந்து:

‘தொம்’ சரி. மறைவு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.