20 உருப்படிக்குள் நகர்வைப் பிடிக்க எந்த கண்ட்ரோல் சார்ட்?

வணக்கம். கண்ட்ரோல் சார்ட் என்பது, சராசரி அளவு விலகுகிறதா (நகர்வு) என்று காட்டும் வரைபடம். சிஎன்சி லேத்தில் ஒரு செட்டிங்குக்கு 15 முதல் 25 ஷாஃப்ட்தான். விட்டம் 12, 18, 25 மி.மீ. என மாறும். வழக்கமான எக்ஸ்பார் சார்ட் கேட்கும் 20, 25 சப்குரூப் (சேர்த்து அளக்கும் சில உருப்படிகளின் குழு) சேர்வதற்குள் ஆர்டரே முடிந்துவிடும்.

ஆகவே அளவிலிருந்து நாமினலை (இருக்க வேண்டிய குறி அளவு) கழித்து, வித்தியாசத்தைத் தனிமதிப்பு சார்ட்டில் குறிக்கிறோம். எல்லை: சராசரி ± 2.66 × நகரும் வீச்சின் (அடுத்தடுத்த இரு மதிப்புகளின் வித்தியாசம்) சராசரி. ஸ்டீலோடு அலுமினியம் கலந்தால் சிதறல் வேறுபடும் என்பதால், வித்தியாசத்தை அந்தந்தப் பொருளின் பழைய சிக்மாவால் (திட்ட விலக்கம்) வகுத்து ±3 எல்லை வைக்கிறோம். இதுவரை பிரச்சினை இல்லை.

சிக்கல் சின்ன நகர்வில். ஒரு சிக்மா நகர்ந்தால் இந்த சார்ட் சராசரியாக 44 உருப்படிக்குப் பிறகே காட்டும். விலகல்களைக் கூட்டிக்கொண்டே போகும் கியூசம் சார்ட் (ஒவ்வொரு முறையும் கழிக்கும் ஒதுக்கு 0.5 சிக்மா, எல்லை 4 சிக்மா) எட்டொன்பதில் காட்டிவிடும், பொய் எச்சரிக்கை சுமார் 168-க்கு ஒன்று. கூட்டுத்தொகையை எல்லையின் பாதியில் தொடங்கினால் செட்டிங் பிழை இன்னும் சீக்கிரம் தெரியும். எனக்கு இதுவே சரியான வழி என்று படுகிறது.

ஆனால் இன்செர்ட் (வெட்டும் முனை) தேய வெளிவிட்டம் மெல்ல ஏறுகிறது, கியூசம் அதையும் நகர்வாகவே எண்ணுகிறது. தேய்மானச் சரிவை முன்கூட்டியே கழிப்பீர்களா? ஆஃப்செட் (இயந்திரத்தில் டூல் நிலையைத் திருத்தும் மதிப்பு) கொடுத்ததும் கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்குவீர்களா, பாதிக்குக் கொண்டுபோவீர்களா?

குவெசன்பெரியின் கியூ சார்ட் ஓடும்போதே சராசரியையும் சிக்மாவையும் கணிப்பதால், அதற்குப் பழைய சிக்மா தேவையில்லை. ஆனால் முதல் நாலைந்து உருப்படியிலேயே நகர்வு வந்தால் அது சராசரியில் கரைந்துவிடும். தளத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள், எந்த அமைப்பில் ஓட்டினீர்கள் என்று எண்களோடு சொன்னால் பெரிய உதவி.