ஒயிட் ராக் ஏரி, டாலஸ்: கிராப்பி பிடித்த கதை, நழுவிய கதை

கரையோரவாசி

மார்ச் கடைசி, சனிக்கிழமை காலை. கிழக்குக் கரையில் மீன்பிடி மேடை. கிராப்பி (இந்த ஊர் ஏரி மீன்) முட்டையிடக் கரைக்கு ஏறிவிட்டது என்று ஊரே சொல்ல, நானும் இரைக்கான மின்னோ, அதாவது பொடி மீன், வாளியோடு போய் நின்றேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அவர் தக்கைக்கும் என் தக்கைக்கும் ஒரு கை தூரம்கூட இருக்காது. அவருக்கு மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் என் தூண்டில் நரம்பைப் பிடித்து, தக்கைக்கு மேலே இருந்த முடிச்சை இரண்டு அடி கீழே இறக்கிவிட்டார். இரை அவ்வளவு மேலே வந்துவிட்டது.

அடுத்த வீச்சில் தக்கை முங்கவில்லை. அப்படியே தண்ணீர் மேல் படுத்துவிட்டது. பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்னவென்று. கீழேயிருந்து வந்து இரையைத் தூக்கியிருக்கிறது. இழுத்தேன். கைப்பிடிக் கம்பி வரைக்கும் வந்தது, அகலமான மீன். நரம்போடு தூக்கும்போது உதட்டுச் சவ்வு கிழிகிறது, கண்ணெதிரே, மெதுவாக. கிழிந்த ஓட்டை வழியாக அந்தப் பக்க வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் பலகையில் ஒரு அடி, தண்ணீரில் ஒரு அடி, போயே போச்சு. பெரியவர் "ஸ்லாப்" (பெரிய கிராப்பிக்கு இங்கே அப்படித்தான் பேர்) என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் தன் தக்கையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிடித்துவிட்டேன். இது மட்டும் போகமாட்டேன் என்கிறது. உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

பாலத்தடி

மேடையில் நின்றால் இப்படித்தான் அண்ணே. கூட்டம், சத்தம், பிள்ளைகள் கல் எறிவார்கள். நான் மாக்கிங்பேர்ட் சாலைப் பாலத்துப் பக்கம் போகிற ஆள். மின்னோவெல்லாம் கிடையாது, ஜிக்தான், ஈயத் தலை வைத்த செயற்கை இரை.

போன வசந்தத்தில் ஒரு சாயங்காலம், தூணை ஒட்டி நேராக இறக்கினேன். நரம்பு தளர்ந்தது, அவ்வளவுதான், இழுப்புகூட இல்லை. தூக்கினால் தாடை, தொண்டை, நெஞ்சு எல்லாம் மை பூசின மாதிரி கறுப்பு. கறுப்புக் கிராப்பி! இந்த ஏரியில் வெள்ளைக் கிராப்பி வகைதான் என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு போட்டோ இருக்கிறது என்னிடம். இதுவரை ஒருத்தரும் நம்பவில்லை, அதுதான் எரிச்சல்.

வேம்பார் மகள்

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, அப்பா கதைதான். ஊரிலிருந்து வந்திருந்தார். கடலில் தொழில் செய்தவருக்கு ஏரியில் தூண்டில் போட லைசென்ஸ் என்றதும் சிரித்தார். ஒரு நாள் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கம்பை ஓரமாக வைத்துவிட்டு நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் மீனைப் பார்த்ததும் "இது நம்ம சிலேபிக் கெண்டைக்குச் சித்தப்பா மகன் மாதிரில்ல இருக்கு" என்றார்.

டெக்சஸில் 10 அங்குலம் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். என் மகன் அளவுப் பலகையில் வைத்தான். பத்துக்கு ஒரு நூல் குறைகிறது. "தாத்தா, விட்டுடணும்." அப்பா முகம் போன போக்கு! பிடித்ததைத் திரும்ப விட்டு அவருக்குப் பழக்கமே இல்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் வந்து, வாலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். வாயை மூடி, வாலைக் குவித்து அளப்பதுதான் சட்டப்படியே முறையாம். அப்பா வாலைக் குவித்தார். வால் நுனி கோட்டைத் தொட்டது. மகன் குனிந்து பார்க்கிறான், அப்பா மூச்சு விடவில்லை, மீன் செவுளை மட்டும் திறந்து திறந்து மூடுகிறது.

பத்து. எழுந்து நின்று யாருக்கோ கும்பிடு போட்டார்.

பாதி ரிட்டயர்ட்

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. என் கதை சின்னது: பிப்ரவரிக் குளிரில் விரல் மரத்து, முள்ளில் மின்னோவைக் கோக்க முடியாமல் நிற்கும்போது ஒரு பையன் வந்து கோத்துக் கொடுத்தான். அந்த மின்னோவில்தான் அன்றைக்கு ஒரே மீன். சரி, அது இருக்கட்டும்.

தம்பி பாலத்தடி, அது கறுப்புக் கிராப்பி இல்லை. முட்டைக் காலத்தில் ஆண் வெள்ளைக் கிராப்பிக்குத் தாடையும் நெஞ்சும் கறுத்துவிடும். நிறத்தைப் பார்க்கக் கூடாது, முதுகுத் துடுப்பில் முள்ளை எண்ண வேண்டும். வெள்ளைக்கு ஐந்து, ஆறு. கறுப்புக்கு ஏழு, எட்டு. உடம்புக் கோடும் பாருங்கள்: வெள்ளைக்கு மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இருக்கும், கறுப்புக்கு ஒழுங்கில்லாமல் புள்ளி தெறித்திருக்கும். கலங்கல் தண்ணீரைத் தாங்குவது வெள்ளைதான். ஒயிட் ராக் 1911இல் கட்டி முடித்த பழைய ஏரி, ஆயிரம் ஏக்கருக்கு மேல், நூறு வருஷத்துக்கு மேலாக நகரத்து மழைத்தண்ணீர் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. தெளிந்து நான் பார்த்ததே இல்லை.

கரையோரவாசிக்கு: கிராப்பியை நரம்போடு தூக்கவே கூடாது. நீளக் காம்பு வைத்த கை வலை ஒன்று வாங்குங்கள். கம்பு வளைந்தபடியே இருக்க வேண்டும், வெடுக்கென்று சுண்டினால் வாய் கிழியும். ஜிக் என்றால் 1/16 அவுன்ஸ் போதும், கலங்கலுக்கு எலுமிச்சைப் பச்சை. அந்த மீனின் கண் மேல்நோக்கி இருக்கிறது, தனக்கு மேலே வருவதைத்தான் தின்னும், அதனால் இரை ஆழமாகப் போனால் வீண். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் கரைக்கு வரும், கோடையில் ஆழத்துக்கும் தூண் நிழலுக்கும் போய்விடும். இரவில் பாலத்தடியில் விளக்குக் கட்டினால் பூச்சி வரும், பொடி மீன் வரும், பின்னாலேயே இதுவும் வரும். படகு வைத்திருப்பவர்களுக்கு: மோட்டார் 10.5 குதிரைத்திறனுக்கு மேல் கூடாது. கறுப்பும் வெள்ளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 25 மீன்தான். 17 வயதுக்குக் கீழே லைசென்ஸ் வேண்டாம். முடிச்சைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பாலத்தடி

முள் எண்ணுகிற மாதிரி போட்டோ தெளிவாக இல்லை ஐயா. துடுப்பு மடங்கியிருக்கிறது. ஆனால் கையில் பிடித்தவன் நான். கறுப்புதான்.

சைக்கிள் மணி

நான் தூண்டில் போடுகிறவன் இல்லை, ஏரியைச் சுற்றி ஒன்பது மைல் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவன். குளிர்காலத்தில் சன்செட் பே பக்கம் வெள்ளைக் கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். வரிசையாக நீந்திப் போய் மீனை வளைத்து ஒரே நேரத்தில் தலையை முக்குவதைப் பார்க்க நின்றுவிடுவேன்.

சொல்ல வந்தது அதுவல்ல. ஒரு நாள் கரையில் ஒருத்தர் தக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், இடுப்புயரத்துக்கு ஒரு நீலக் கொக்கு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வருகிறது. வாளிக்குள் கழுத்தை விட்டது. ஒரு கிராப்பி குறுக்காக அலகில். திருப்பி, தலை முன்னால் வரும்படி சரிசெய்து, விழுங்கியது. கழுத்தில் அந்த வீக்கம் இறங்கிப் போவது தெரிகிறது. அவர் திரும்பவே இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி. எனக்கு அந்தக் கொக்கைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

வேம்பார் மகள்

அண்ணா, அந்தக் கொக்குக்கு அளவுப் பலகை கிடையாதே!

அப்பா பிடித்ததைக் குழம்பு வைத்தேன், கரைந்துபோய்விட்டது. சதை ரொம்ப மிருது. யாராவது குழம்பில் போட்டு முழுசாக எடுத்திருக்கிறீர்களா?

பாதி ரிட்டயர்ட்

குழம்புக்கு ஆகாது தங்கச்சி. முதுகெலும்பை ஒட்டிச் சதையைச் சீவி, மிளகாய்த்தூள், உப்பு, அரிசி மாவு, எண்ணெய். வேறு எதுவும் வேண்டாம். சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், போட்டதும் புரட்டக் கூடாது, ஓரம் சிவந்த பிறகுதான்.

கரையோரவாசி

ஐயா, கை வலை அன்றைக்கும் இருந்தது. பெரியவருடையது, என் காலடியிலேயே. அவர்தான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்.

பாலத்தடி

குழம்பு கொதித்து இறக்குகிற நேரத்தில் போடுங்கள் அக்கா, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் சுழற்றுங்கள். நிற்கும். நான் அந்தக் கறுப்புக் கிராப்பியையே அப்படித்தான் வைத்தேன்.